கையடக்கத் தொலைபேசியும் கட்டிளமைப் பருவ மனமும்

கண்டக்குழியில் இருந்துகொண்டு கையடக்கத் தொலைபேசியைப் பற்றி எழுதுபவர், அதைத் திட்டுவதற்கு முன் அதற்குக் கொஞ்சம் நன்றி சொல்லவேண்டியவராக இருக்கிறார். ஒரு புறம் இந்து சமுத்திரம், மறு புறம் புத்தளம் களப்பு என்று நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில் எங்கள் ஊர் இருக்கிறது. காற்றுக் கூடும், கடலுக்குப் போகவேண்டாம் என்ற வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் இப்போது போனுக்குத்தான் முதலில் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கைட் சேர்ஃபிங் விளையாட வரும் உல்லாசப் பயணிகள் விடுதியைப் பதிவு செய்வதும் அதில்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, உம்மா சவூதியிலோ குவைத்திலோ இருக்க, பிள்ளை இங்கே மாமியிடம் வளரும் வீடுகள் எங்கள் பகுதியில் இருக்கின்றன. முன்பு அப்படிப் போனவர்கள் தங்கள் குரலைக் கசெட்டில் பதிந்து, ஊருக்கு வருபவர் யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்களாம். அதை வீட்டார் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். இன்று அந்தப் பிள்ளை தினமும் இரவில் 'இமோ'வில் உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூங்குகிறது. அந்தப் பிள்ளையிடம் போய் "போன் மனதைக் கெடுக்கும்" என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆகவே போன் நல்லதா கெட்டதா என்ற கேள்வியை விட்டுவிடலாம். பட்டிமன்றத்துக்கு அது போதும், படிப்பவர்களுக்குப் போதாது. எந்த வயதில், எந்த நேரத்தில், எதைப் பார்க்கும்போது அது மனதைப் பாதிக்கிறது, பாதித்தால் யாரிடம் சொல்வது என்பவற்றையே இக்கட்டுரையில் பார்க்க முயல்கிறேன்.

முதலில் அது எப்படி நம் கைக்கு வந்தது? என் வயதையொத்த மாணவிகளில் பலருக்குப் போன் ஆசைப்பட்டு வாங்கிய பொருளாக வரவில்லை. 2020 மார்ச் மாதத்தில் கொவிட் தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. அப்போது நாங்கள் தரம் 7. பாடம் முழுவதும் வாட்ஸ்அப் குழுவுக்கும் சூமுக்கும் மாறியது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு போன், அதுவும் வாப்பாவுடையது என்றால் யார் பாடம் படிப்பது? எங்கள் பக்கத்தில் சிக்னல் தேடி மொட்டைமாடிக்கும் மரத்தடிக்கும் போனவர்கள் உண்டு. ஊவா மலைப்பகுதியில் போகிட்டியாவ என்ற கிராமத்து ஆசிரியைகளும் பிள்ளைகளும் சிக்னலுக்காகக் காட்டு வழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறியது உலகச் செய்தியானது. அந்த நாட்களில் கடன்பட்டாவது ஒரு போன் வாங்கிக் கொடுத்த பெற்றோரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பிள்ளையின் படிப்பு நின்றுவிடக் கூடாதென்றுதான் அவர்கள் வாங்கினார்கள்.

ஆனால் பாடசாலை திறந்த பிறகு போன் வாப்பாவின் சட்டைப்பைக்குத் திரும்பிப் போகவில்லை. பாடக்குறிப்புக்காக வந்த பொருள் தலையணைக்கடியில் தங்கிவிட்டது. பன்னிரண்டு வயதில், யாரும் எந்த விதியும் சொல்லாமல், இணையம் முழுவதும் எங்கள் கையில் இருந்தது. இந்த வயது முக்கியம் என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

போன் பாவனைக்கும் மன ஆரோக்கியத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி விஞ்ஞானிகளிடையே ஒரு பெரிய வாதமே நடக்கிறது. அமெரிக்க உளவியல் பேராசிரியை ஜீன் ட்வெங்கி 2017இல் எழுதிய கட்டுரையில், 2012ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க இளைஞர்களிடம் மனச்சோர்வும் தனிமை உணர்வும் சட்டென்று கூடின என்றும், ஸ்மார்ட் போன் பரவிய காலமும் அதுவே என்றும் காட்டினார். ஜொனதன் ஹைட் 2024இல் வெளியிட்ட புத்தகம் ஒன்றில் இதே கருத்தை இன்னும் வலுவாகச் சொன்னார். நம் பெற்றோர் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: "போன் வந்த பிறகுதான் பிள்ளை இப்படி."

உயர்தரத்தில் அளவையியல் படிக்கும் மாணவிகளுக்கு இந்த இடத்தில் ஒரு மணி அடிக்கும். ஒன்றன் பின் ஒன்று வந்தது என்பதால் முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி ஓர்பன், அன்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி ஆகிய இருவரும் 2019இல் மூன்றரை இலட்சத்துக்கும் அதிகமான இளைஞர்களின் தரவுகளை ஆராய்ந்தார்கள். இளைஞர்களின் மனநல வேறுபாட்டில் ஆகக் கூடியது 0.4 வீதத்தைத்தான் டிஜிட்டல் பாவனையைக்கொண்டு விளக்க முடிகிறது என்பது அவர்களுடைய முடிவு. உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் அதே தரவில் தெரிந்த தொடர்பு ஏறத்தாழ இதே அளவுதானாம்! இதைப் படித்ததும் உம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டவேண்டும் போலத் தோன்றும்.

அவசரப்பட வேண்டாம். 0.4 வீதம் என்பது எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி எடுத்த சராசரி. ஆற்றின் சராசரி ஆழம் இரண்டடி என்று நம்பி இறங்கினால் ஆழமான இடத்தில் தாழ்ந்துபோகலாம். அதே ஏமி ஓர்பன் 2022இல் வேறு ஆய்வாளர்களோடு சேர்ந்து வயதுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது சராசரிக்குள் மறைந்திருந்தது வெளியே வந்தது. சமூக ஊடகப் பாவனை கூடினால், ஒரு வருடத்துக்குப் பிறகு வாழ்க்கைத் திருப்தி குறைவது சில வயதுகளில் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஆண் பிள்ளைகளுக்கு அது 14, 15 வயது. பெண் பிள்ளைகளுக்கு 11 முதல் 13 வரை. பிறகு இருபாலாருக்கும் 19 வயதளவில் மீண்டும் ஒருமுறை. இது பிரித்தானியப் பிள்ளைகளின் தரவு. ஆனாலும் 11 முதல் 13 என்பது நம் நாட்டில் தரம் 6 முதல் 8 வரை. இணையவழி வகுப்புக்காக நம் கையில் போன் வந்து விழுந்த வயது சரியாக அதுதான்.

இதற்காக யாரையும் குற்றம் சொல்லி என்ன பயன்? ஆனால் இன்று தரம் 6இல் இருக்கும் தங்கைக்கு என்ன செய்வது என்று யோசிக்க இது உதவும். "ராத்தாவுக்கு இருக்கிறதே, எனக்கும் வேண்டும்" என்று அவள் கேட்டால், பதினேழு வயதும் பதினொரு வயதும் ஒன்றல்ல என்று சொல்வதற்குப் பெற்றோரிடம் இப்போது ஒரு காரணம் இருக்கிறது. அவுஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2024 நவம்பரில் நிறைவேற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. அங்கே அது எவ்வளவு பலிக்கிறது என்பதை உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. நம் வீடுகளில் சட்டம் இல்லாமலும் இதைச் செய்யலாம்: பாடத்துக்கு வாப்பாவின் போன், வாப்பாவின் முன்னிலையில், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது.

இனி, போன் மனதுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் விஞ்ஞானி 1990களில் குரங்குகளை வைத்துச் சில சோதனைகள் செய்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் குரங்கின் மூளையில் டோபமின் நரம்புக் கலங்கள் துடிப்புடன் இயங்கின. பழச்சாற்றுக்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று பழக்கிய பிறகு, அவை சாற்றுக்கு அல்ல, விளக்குக்கே துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வரவில்லையென்றால் துடிப்பு வழமையைவிடக் கீழே இறங்கியது. போனின் அறிவித்தல் ஒலியை அந்த விளக்காக நினைத்துப் பாருங்கள். செய்தியைவிடச் செய்தி வரப்போகிறது என்பதே நம்மை இழுக்கிறது. எடுத்துப் பார்த்தால் ரீலோட் கம்பனியின் விளம்பரம். மனம் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. ஆனாலும் அடுத்த ஒலிக்கு மீண்டும் கை போகிறது. எப்போது பரிசு வரும் என்று தெரியாதபோதுதான் பழக்கம் ஆகக் கெட்டியாகிறது என்பதை ஸ்கின்னர் அதற்கும் பல வருடங்களுக்கு முன்பே புறாக்களில் கண்டிருந்தார்.

இதோடு சேர்த்து, முடிவே இல்லாமல் கீழே கீழே தள்ளிக்கொண்டு போகும் திரை. இதை 2006இல் வடிவமைத்தவர் ஏஸா ரஸ்கின். பின்னாளில் இதற்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகப் பேசினார். புத்தகத்தில் அத்தியாயம் முடியும், கிணற்றில் இறைத்தால் வாளி நிறையும், டிக்டொக் முடிவதில்லை. நிறுத்துவதற்கான இடத்தை அவர்கள் எடுத்துவிட்டார்கள். ஆகவே "உனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று ஒரு பிள்ளையை ஏசும் முன், அந்தப் பிள்ளை எதனோடு மோதிக்கொண்டிருக்கிறது என்பதையும் பெரியவர்கள் நினைக்கவேண்டும். ஒரு பக்கம் பதினைந்து வயதுப் பிள்ளை. மறுபக்கம் அந்தப் பிள்ளை போனை வைக்காமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்கும் பொறியியலாளர்கள்.

அடுத்தது தூக்கம். மனநலத்தைக் கெடுக்கும் வழிகளில் ஆகவும் நேரடியானது இதுதான் என்று நினைக்கிறேன். 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் தேவை என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம். எங்கள் வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். 2014 இறுதியில் வெளியான ஹார்வர்ட் ஆய்வொன்றில், ஒளிரும் திரையில் நான்கு மணித்தியாலம் வாசித்துவிட்டுப் படுத்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் வாசித்தவர்களைவிடத் தூக்கம் வர ஏறத்தாழ 10 நிமிடம் தாமதமானது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலற்றோனின் சுரப்பு ஒன்றரை மணித்தியாலம் பின்தள்ளிப்போனது. ஆய்வில் பங்குபற்றியவர்கள் 12 பேர்தான் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் வெளிச்சம் மட்டுமா காரணம்? இரவு பதினொரு மணிக்கு வகுப்புக் குழுவில் நடக்கும் ஒரு சண்டை, எந்த வெளிச்சமும் இல்லாமலே தூக்கத்தைக் கெடுத்துவிடும். இஷாவுக்குப் பிறகு வீண் பேச்சில் இருப்பதை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்ற செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. உம்மும்மா அடிக்கடி இதைத்தான் சொல்வார். தூக்கம் குறைந்த மறுநாள் சுபஹுக்கு எழும்புவது கஷ்டம், முதலாம் பாடத்தில் தலை சாயும், சின்னச் சொல்லுக்கும் அழுகை வரும். "இந்தப் பிள்ளைக்கு என்ன கோபமோ" என்று வீட்டில் சொல்வார்கள். பல நேரம் அது கோபமல்ல, தூக்கமின்மை.

மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்த்தல். 2021இல் பேஸ்புக் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹோகன் வெளிக்கொண்டுவந்த ஆவணங்களில் அந்த நிறுவனமே செய்த ஆய்வொன்று இருந்தது. தங்கள் உடலைப்பற்றித் தாழ்வாக உணர்ந்த பதின்ம வயதுப் பெண்களில் 32 வீதமானோர், இன்ஸ்டகிராம் அந்த உணர்வை இன்னும் மோசமாக்கியது என்று கூறியிருந்தார்கள். எங்கள் ஊரில் இதற்கு இன்ஸ்டகிராம்கூடத் தேவையில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போதும். கடற்காற்றிலும் வெயிலிலும் வளர்ந்த முகத்தை ஒரு செயலி ஒரு நொடியில் வெள்ளையாக்கித் தருகிறது. அதைப் போட்டதும் "மாஷா அல்லாஹ்" என்று வருகிறது. பிறகு கண்ணாடியைப் பார்த்தால் அங்கே இருப்பது வேறு முகம். கல்யாண வீடுகளில் "கலர் கொஞ்சம் குறைவுதான்" என்று காதில் விழும்படி பேசும் பெரியவர்களும் இதில் பங்காளிகள் என்பதை மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன். போன் புதிதாக ஒரு நோயைக் கொண்டுவரவில்லை. இருந்த புண்ணில் உப்பைத் தடவுகிறது.

ஸ்டேட்டஸில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. யார் பார்த்தார்கள் என்ற பெயர்ப் பட்டியல். பார்த்துவிட்டும் ஒன்றும் சொல்லாதவள் யார், பதில் எழுதாமல் நீலக்கோடு மட்டும் விழவைத்தவள் யார் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் ஒரு பின்னேரமே போய்விடும். நேரில் பேசினால் "உம்மா கூப்பிட்டா, அதுதான் பதில் போடல்ல" என்று ஒரு வரியில் முடியும் விடயம் இது. வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், வாசித்ததைக் காட்டும் அந்த நீலக்கோட்டை அணைத்துவிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. குழுக்களில் மட்டும் அது வேலை செய்யாது.

இந்த இடத்தில் அதிகப் பாவனை என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் தெளிவாக்க வேண்டும். மணித்தியாலக் கணக்கு மட்டும் போதாது. ஐரோப்பா, மத்திய ஆசியா, கனடா ஆகியவற்றைச் சேர்ந்த 44 நாடுகளிலும் பிரதேசங்களிலும் 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் 2022இல் நடத்திய ஆய்வை உலக சுகாதார ஸ்தாபனம் 2024இல் வெளியிட்டது. சிக்கலான சமூக ஊடகப் பாவனை 2018இல் 7 வீதமாக இருந்து 2022இல் 11 வீதமாகக் கூடியிருந்தது. பெண் பிள்ளைகளில் 13 வீதம், ஆண் பிள்ளைகளில் 9 வீதம். சிக்கலானது என்று அவர்கள் எதை எண்ணினார்கள் தெரியுமா? குறைக்க நினைத்தும் முடியாமற்போவது, இல்லாதபோது மனம் தவிப்பது, பாவிப்பதைப் பற்றி வீட்டில் பொய் சொல்வது, மற்ற வேலைகளைக் கைவிடுவது. உயிரியல் பாடத்துக்காக மூன்று மணித்தியாலம் யூடியூப் பார்த்தவளுக்கு இவற்றில் ஒன்றும் இருக்காது. அரை மணித்தியாலம் பார்த்து அதை மறைத்தவளுக்கு இருக்கலாம்.

படிப்பு மேசையைப் பற்றியும் ஒரு சொல். போன் அணைந்து கிடந்தாலும், கண்முன் இருந்தால் கவனத்தில் ஒரு பகுதியை அது பிடித்துக்கொள்கிறது என்று டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஏட்ரியன் வார்டும் குழுவினரும் 2017இல் கண்டார்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்களே சோதனையை நன்றாகச் செய்தார்கள். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை. ஆனாலும் வேறு அறையில் வைத்துப் பார்க்கச் செலவு ஒன்றுமில்லையே.

இதுவரை சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். நம் நாட்டுக்கும் நம் சமூகத்துக்கும் உரிய ஒன்று இருக்கிறது. அதுதான் போன் வழியாக வீட்டுக்குள் வரும் பயம். 2018 மார்ச் மாதம் திகனையில் வன்செயல் நடந்தபோது பேஸ்புக், வாட்ஸ்அப் முதலியவற்றை அரசாங்கம் தற்காலிகமாகத் தடைசெய்தது. அந்த வன்செயலில் தங்கள் தளம் பாவிக்கப்பட்டதற்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின்னர், மே 12ஆம் திகதி, நம் மாவட்டத்துச் சிலாபத்தில் முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி மிரட்டல் என்று விளங்கிக்கொள்ளப்பட்டது. அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்பதுதான் அதன் கருத்து. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. மறுநாள் அது குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் பெரிய வன்செயலாக மாறியது; நம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவர் கொல்லப்பட்டார்; நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது.

அந்த நாட்களில் நாங்கள் தரம் 6 பிள்ளைகள். பெரியவர்களின் போன்களில் குரல் பதிவுகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அந்த ஊருக்கு வருகிறார்களாம், இந்தச் சந்தியில் நிற்கிறார்களாம் என்று. எது உண்மை, எது பொய் என்று பிரிக்க யாருக்கும் நேரமில்லை. சின்னப் பிள்ளைகள் அருகில் இருந்து எல்லாவற்றையும் கேட்டோம். அந்தப் பயத்துக்கு மனநலப் பாடப்புத்தகத்தில் என்ன பெயரோ. எங்கள் வீடுகளில் அதற்குப் பெயர் இருக்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். சூறா அல்ஹுஜுராத்தின் ஆறாவது வசனம், வந்த செய்தியைத் தீர விசாரிக்காமல் நடந்து அறியாமல் பிறருக்குத் தீங்கு செய்துவிட வேண்டாம் என்று எச்சரிக்கிறது. ஓதும் வீடுகளிலேயே 'ஃபோர்வர்ட்' பொத்தானை அழுத்தும்போது அது மறந்துபோகிறது. இது மாணவிகளுக்கு அல்ல, பெற்றோருக்குச் சொல்வது: குடும்பக் குழுவில் வரும் விபத்துக் காட்சிகளையும் இரத்தம் தோய்ந்த படங்களையும் குரல் பதிவுகளையும் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சத்தமாகப் போட்டுக் கேட்காதீர்கள்.

கடைசியாக, இதை எழுதவேண்டும் என்று நான் நினைத்ததற்கே காரணமான விடயத்துக்கு வருகிறேன்.

ஒரு மாணவிக்கு அறிமுகமில்லாத இலக்கத்திலிருந்து செய்தி வருகிறது. அல்லது வகுப்புக் குழுவில் போட்ட படத்தை யாரோ எடுத்து மாற்றியமைத்து, பணம் கொடு, இல்லாவிட்டால் பரப்புவேன் என்கிறான். அவள் செய்த பிழை எதுவும் இல்லை. இருந்தும் வீட்டில் சொல்லமாட்டாள். ஏன்? சொன்னால் முதலில் போன் போகும். போன் போனால் டியூஷன் குழு போகும். பிறகு "எதற்கு இந்தப் படிப்பு" என்ற பேச்சு வரும். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சு. இந்தக் கணக்கை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு நிமிடத்தில் போட்டு முடித்துவிடுகிறாள். ஆகவே வாயை மூடிக்கொண்டு, சாப்பாடு இறங்காமல், இரவில் தூங்காமல் தனியாகவே சுமக்கிறாள். வெளியே பார்ப்பவர்களுக்கு அவள் எப்போதும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையாகத்தான் தெரிவாள். உண்மையில் அவள் அடுத்த மிரட்டல் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இங்கே மனதை உடைப்பது திரையும் அல்ல, மணித்தியாலக் கணக்கும் அல்ல. சொல்ல முடியாமைதான். வாப்பாமார்களே, உம்மாமார்களே, பிள்ளைக்குப் போன் கொடுக்கும் அன்றே ஒரு வாக்கையும் சேர்த்துக் கொடுங்கள்: "எது நடந்தாலும் என்னிடம் சொல்லு, சொன்னதற்காகப் போனையும் பறிக்கமாட்டேன், படிப்பையும் நிறுத்தமாட்டேன்." பிழை அவளிடமே இருந்தாலும் முதலில் கேளுங்கள், தண்டனையைப் பிறகு யோசிக்கலாம். நானாமார் சிலர் தங்கையின் போனைத் திடீரென்று பிடுங்கிச் சோதிப்பதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அப்படிச் சோதிக்கப்படும் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றைத்தான்: அழித்துவிட்டுக் கொடுப்பது. அழிந்த செய்தியோடு சாட்சியும் போய்விடுகிறது.

அப்படி ஒரு மிரட்டல் வந்தால் செய்தியை அழிக்கக் கூடாது. திரையைப் படம் பிடித்து, இலக்கமும் திகதியும் தெரியும்படி வைத்துக்கொள்ளவேண்டும். பணம் கொடுக்கக் கூடாது. ஒருமுறை கொடுத்தால் மறுமுறை கேட்பார்கள். பதில் எழுதி வாதாடவும் வேண்டாம். வீட்டில் ஒருவரிடம், முடியாவிட்டால் நம்பும் ஆசிரியை ஒருவரிடம் சொல்லவேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்றங்களை விசாரிக்கத் தனிப் பிரிவும் இருக்கிறது. பயப்படவேண்டியவன் மிரட்டுகிறவன்தான்.

அன்றாடப் பாவனையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் அளந்து பார்க்கலாம். 2018க்குப் பிறகு வந்த அநேகமான அன்ட்ரொய்ட் போன்களின் அமைப்புகளில் டிஜிட்டல் நலன் என்றொரு பகுதி இருக்கிறது. எந்தச் செயலிக்கு எத்தனை மணித்தியாலம், நாளில் எத்தனை தடவை பூட்டைத் திறந்தீர்கள் என்று அது காட்டும். திறந்த எண்ணிக்கையைப் பாருங்கள். மணித்தியாலத்தைவிட அதுதான் திடுக்கிட வைக்கும். அறிவித்தல்களை அணைத்துவிட்டு, நாம் விரும்பிய நேரத்தில் நாமே போய்ப் பார்ப்பது அடுத்தது. இரவில் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் முன்னறையில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். எல்லாப் போன்களும் என்றால் வாப்பாவினுடையதும்தான். சாப்பாட்டு நேரத்தில் செய்தி பார்த்துக்கொண்டே "போனை வை" என்று சொல்லும் வாப்பாவின் பேச்சை எந்தப் பிள்ளையும் முழுதாகக் கேட்பதில்லை. அலாரத்துக்காகப் போன் வேண்டும் என்பவர்களுக்குக் கடையில் சின்ன மணிக்கூடு விற்கிறார்கள். பின்னேரம் காற்று இறங்கியதும் கூட்டாளிமாரோடு கடற்கரைப் பக்கம் ஒரு நடை போவதற்கும் பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் அனுமதி கொடுத்தால் நல்லது. வெளியே போகவும் விடாமல் போனைப் பார்க்கவும் விடாமல் இருந்தால், பிள்ளை எங்கேதான் போவது?

மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், விருப்பமான வேலையிலும் விருப்பம் போய்விட்டால், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும்கூட, அது போனைப் பறித்துத் தீர்க்கும் விடயமல்ல. மருத்துவ உதவி வேண்டும். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதில் வெட்கமில்லையென்றால் இதற்கும் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. சிறுவர்களுக்கு எதிரான துன்புறுத்தல் எதுவானாலும், இணையத்தில் நடப்பதும் உட்பட, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அறிவிக்கலாம். இந்த இரண்டு இலக்கங்களையும் எங்கள் வகுப்புச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அழைப்பதற்கு டேட்டாவும் தேவையில்லை, ஸ்மார்ட் போனும் தேவையில்லை; உம்மும்மாவின் பட்டன் போன் போதும்.